டாக்டர் ஸ்டாட்லரின் மணிக்கட்டு

"வாயத் தொறக்காதீங்க. மறந்தும் யாரையும் நீன்னு சொல்லிடாதீங்க," என்று மியூனிக் நகரத்துக் காப்புரிமை அலுவலக வாசலில் வக்கீல் ரூப்ரெக்ட் கெஞ்சினார். புர்கியிடம் சொல்லி நடக்கிற காரியமா அது? மலைமேல் விடுதி நடத்துகிறவள். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிட்டால் மந்திரியும் 'நீ'தான், மாடு மேய்க்கிறவனும் 'நீ'தான்; 'நீங்க' என்ற பேச்சே கிடையாது. அது அந்த மலையின் சட்டம்.

கோல் ஊன்றி ஊன்றி வலியெடுத்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஊன்றுகோல் ஒன்றை அவள் செய்திருந்தாள். உள்ளே ஒரு சுருள்வில். அது துள்ளித் திரும்பாமல் இழுத்துப் பிடிக்க, விடுதிக்குள் போடும் கம்பளிச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டு. இன்றைக்கு உரிமை கிடைக்காவிட்டால் போச்சு. பெரிய கம்பெனி ஒன்று நாளைக்கே அதைச் செய்து விற்க நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தது.

உள்ளே, மூன்று பரிசோதகர்களில் நடுவில் இருந்த டாக்டர் ஸ்டாட்லர் இரண்டு பழைய காப்புரிமைக் காகிதங்களை எடுத்துப் போட்டார்.

"வில் வச்ச கோல் நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. வில்லோட துள்ளலக் கம்பளியால அடக்குறது, ஒருத்தர் கதவுக்காகச் செஞ்சது. அதுவும் பழசு. ரெண்டையும் சேர்த்தா உங்க கோல். தொழில் தெரிஞ்ச யாருக்கும் தோணியிருக்குமே அம்மா! அப்படித் தோணுறதுக்கெல்லாம் உரிமை கிடையாது."

சேர்த்தால் வந்துவிடுமாம்! புர்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குத் தோணுச்சா?"

மேசைக்கடியில் ரூப்ரெக்ட் அவள் காலை மிதித்தார். அவளா நிறுத்துவாள்?

"வாசல்ல உன் கோலப் பாத்தேன், பிடியில உன் பேரு சுட்டிருக்கு. ஏறின மலைக்கு ஒண்ணா அறுபத்திரண்டு தகடு அடிச்சு வச்சிருக்க. மணிக்கட்டுல கட்டு வேற. அத்தன மலை எறங்கி மணிக்கட்டத் தேச்ச உனக்கே தோணலியே, வேற யாருக்குத் தோணும்?"

"என் மணிக்கட்டு இங்க விசாரணையில இல்ல!" ஸ்டாட்லரின் காது சிவந்தது. ஆனால் கண் மட்டும் அவள் கோலை விட்டு நகரவில்லை. "சரி, குடுங்க. பரிசோதனைன்னா பரிசோதனை."

கோலை ஊன்றிக்கொண்டு அலுவலகத்தின் கல் படிகளில் மூன்று மாடி இறங்கினார், ஏறினார். போதுமே, மறுபடியும் இறங்கினார். மூன்றாவது முறை இறங்கியதற்கு எந்தச் சட்டத்திலும் காரணம் கிடையாது. திரும்பி வந்தபோது சபையையே மறந்திருந்தார்.

"அடேயப்பா! வலியே தெரியல. புர்கி, நீ சொல்லு, இது எந்தக் கடையில கிடைக்கும்?"

"எந்தக் கடையிலயும் கிடைக்காது. உன் ரெண்டு காகிதமும் இத்தன வருஷமா அலமாரியிலதான் தூங்குது. சேக்கணும்னு யாருக்காவது தோணியிருந்தா நீ எப்பவோ வாங்கியிருப்ப."

ரூப்ரெக்ட் சட்டென்று குறிப்பெழுதுகிறவர் பக்கம் திரும்பினார். "எந்தக் கடையில கிடைக்கும்னு டாக்டர் கேட்டத ஒரு வார்த்த விடாம எழுதிக்குங்க."

மூன்று பரிசோதகர்களும் உள்ளே போய்ப் பேசிவிட்டுப் பத்து நிமிஷத்தில் வந்தார்கள். உரிமை புர்கிக்கே என்று ஸ்டாட்லர் அறிவித்தார்.

புர்கி எழுந்து போய்க் கையை நீட்டினாள். அவரும் சிரித்தபடி கைகுலுக்க நீட்டினார்.

"கோலக் குடு," என்றாள்.