இரண்டாவது கேபிள்

மலர்விழி இரண்டாவது கேபிளைச் செருகிய சில நொடிகளில் ஆஸ்பத்திரியின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் நின்றுபோயின.

நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, வடக்குத்து கிராமத்தில் இருந்தது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி. பழைய கட்டடத்தில் ரத்தப் பரிசோதனை. எதிரே புதிய கட்டடத்தில் டாக்டர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். எவனாவது பள்ளம் தோண்டி அதை அறுத்துவிட்டால், லேபைப் பார்த்துக்கொள்ளும் ருக்குமணி ரிசல்ட்டுகளைக் கையில் பிடித்தபடி மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஓடுவாள். "கேன்டீன் மேல இன்னொரு ஒயர் இழுத்துட்டா என்னா மலரு?" என்று கேட்டதே அவள்தான். கம்ப்யூட்டர் பராமரிப்புக்குக் கான்ட்ராக்டில் வந்துபோகும் மலர்விழிக்கும் அது சரியென்று பட்டது.

இப்போது பதறிப்போய்க் கேபிளைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர்கள் மெல்ல உயிர்பெற்றன. அதற்குள் வரிசையில் நின்றவர்கள் சத்தம்போட, மேலாளர் சிவப்பிரகாசம் வந்துவிட்டார்.

"ஒரு ஒயரே போதும்மா. ஓடுறதையும் கெடுத்து வெக்காதே."

"தப்பு என்மேலதாங்க சார்."

வீட்டுக்குப் போனதும் லேப்டாப்பில் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தாள். நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் என்று கிளம்பும் செய்தி ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பி வந்திருக்கிறது. நிற்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறெதற்கும் வழிவிடாமல் அடைத்திருக்கிறது. அதைத் தடுக்கத்தான் கேபிள்கள் வந்துசேரும் பெட்டிகளான ஸ்விட்சுகளில், ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கிறது. இரண்டு ஸ்விட்சிலும் யாரோ எப்போதோ அதை அணைத்துவைத்திருந்தார்கள். அவள் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய் நின்றாள். "இன்னொரு தடவ விடுங்க சார். கெட்டா உடனே கழட்டிடறேன்."

சிவப்பிரகாசம் தாடையைத் தடவினார். ருக்குமணி விடவில்லை. "நான் ஓடிக்கினு கெடக்கறத நீங்க பாக்கலியா சார்? உடுங்க, செய்யட்டும்."

இரண்டு ஸ்விட்சிலும் ஸ்பேனிங் ட்ரீயைப் போட்டாள். எந்த ஸ்விட்சின் முன்னுரிமை எண் சின்னதோ அதுதான் தலைமை என்பதால், புதிய கட்டடத்து ஸ்விட்சுக்குச் சின்ன எண்ணைக் கொடுத்து அதைத் தலைமையாக்கினாள். பிறகு லேபில் இருந்த ஸ்விட்சில் இரண்டாவது கேபிளைச் செருகினாள். எதுவும் நிற்கவில்லை. தலைமையை எட்ட இரண்டு வழி இருப்பதைப் பழைய கட்டடத்து ஸ்விட்ச் கண்டுகொண்டது. வேகமான வழியை வைத்துக்கொண்டு, மெதுவான கேன்டீன் வழியை மூடியது.

சிவப்பிரகாசம் குனிந்து பார்த்தார். "இந்த லைட்டு மட்டும் மஞ்சளா இருக்கே?"

"அந்த வழிய அதுவே மூடி வெச்சிருக்கு சார்."

"மூடறதுக்கா ஒயர் இழுத்தே?"

"மூடியிருந்தாலும் காது தொறந்துதான் இருக்கும். நீங்களே மெயின் கேபிளப் புடுங்கிப் பாருங்க."

அவர் தயங்கித் தயங்கிப் பிடுங்கினார். ருக்குமணி ஒரு சர்க்கரை ரிசல்ட்டை அனுப்பினாள். அது போகாமல் நின்றது. மலர்விழி அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் போயிருக்கும். மஞ்சள் விளக்கு பச்சையானது. மேசையில் போன் அடித்தது. எதிர்க் கட்டடத்து நர்ஸ்.

"சர்க்கரை ரிசல்ட் வந்துருச்சுக்கா."

"நான் எழுந்துக்கவே இல்லியேடி!" ருக்குமணி வாய்விட்டுச் சிரித்தாள்.

சிவப்பிரகாசம் கேபிளைத் தன் கையாலேயே திரும்பச் செருகினார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "எக்ஸ்ரே ரூமுக்கும் இப்படி ஒண்ணு போட எவ்ளோ ஒயர் வேணும்மா?"

"அளந்து சொல்றேன் சார்," என்று மலர்விழி டேப்பை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.