கைதட்டிப் போன குணேஸ்வரி

இந்தக் காலத்துச் சனத்துக்கு எதற்குக் கை தட்டுவது என்று ஒரு விவஸ்தை கிடையாது. கேக் வெட்டினாலும் தட்டுகிறார்கள், மைக் வேலை செய்தாலும் தட்டுகிறார்கள். அப்படித் தட்டித்தான் பாட்டுக்காரன் அரியரத்தினத்தின் மனைவி குணேஸ்வரியை 2002ஆம் ஆண்டு, பெரியபிள்ளையான ஒரு சிறுமியின் சாமத்தியச் சடங்கில், முன்வரிசை நாற்காலியிலிருந்து அடுத்த மெட்ரோ நிலையத்துக்கு அனுப்பினார்கள்.

அரியரத்தினம் பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவன். அங்கே சமையல்காரன் வைத்த வானொலியில் அமெரிக்க மாட்டுக்காரரின் கன்ட்ரி பாட்டுக் கேட்டுக் கேட்டு, அதே மாதிரித் தமிழில் கட்டினான். அந்தப் பாட்டுகளில் நாய் சாகும், லொறி பழுதாகும், மனைவி விட்டுப் போவாள். அவனிடம் நாயுமில்லை, லொறியுமில்லை. இருந்தது குணேஸ்வரி மட்டும்.

மனைவி விட்டுப் போகிற பாட்டை அவன் பாடி முடித்ததும், கைதட்டல் எவ்வளவோ அவ்வளவு தூரம் அவள் போனாள். நாற்பது பேர் தட்டினால் டி-இபெர்வில் நிலையம், இருநூறு பேர் தட்டினால் ஜோன்-தலோன். கைப்பையோடும் பட்டுச் சேலையோடும் நடைமேடையில் நின்று, டிக்கெட் எடுத்துத் திரும்பி வருவாள். ஒருமுறை வீட்டிலேயே இருந்து பார்த்தாள். அகப்பையோடு நடைமேடையில் போய் நின்றாள். முன்வரிசையில் மனைவி இல்லாவிட்டால் சனம் கதை கட்டும் என்று மறுபடியும் மண்டபத்துக்கே வந்தாள். 2005இல் அவனுடைய சிடி தமிழ்க் கடைகளில் விற்றது. அகலத் தொப்பி, நீளச் சப்பாத்து. பிரெஞ்சுக்காரரும் வந்து தட்டினார்கள். குணேஸ்வரி இரண்டு நாள் பஸ் தூரத்திலுள்ள வின்னிபெக்கிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, கோட்டும் இல்லாமல் நிக்கிறன். அந்தப் பாட்டை விடுங்கோவன்."

"ஒரு கலியாண வீட்டிலை பாட ஒத்துக்கொண்டிட்டன். அதோட சரி."

அதோடு சரியாகவில்லை. கைதட்டலின் ருசி அவனுக்குப் பிடித்துவிட்டது. 2008இல் இரண்டாயிரம் பேர் தட்டினார்கள். பிறகு அவளிடமிருந்து வந்த அழைப்பு, வடக்கே பஸ்ஸும் றோட்டும் இல்லாத ஊரொன்றின் ஒரே கடையிலிருந்து.

"தட்டி அனுப்பின சனம்தான் தட்டிக் கூப்பிட வேணும். நான் வாற பாட்டொண்டு கட்டுங்கோ."

மூன்று கிழமை சோறு தண்ணியில்லாமல் கட்டினான். செயின்ட்-மிஷேலில் அதே மண்டபம். முன்வரிசையில் அவளுடைய நாற்காலியை வெறுமையாக விட்டுப் பாடினான். இதுவரை பாடியதில் அதுதான் திறமான பாட்டு என்று சாப்பாட்டு மேசைப் பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது.

"அண்ணை, பழசைப் போடுங்கோ!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினான் கணேசலிங்கம் என்றொருவன். "மனுசி வந்தால் அதிலை என்ன பாட்டு இருக்கு?"

சனம் சிரித்தது. ரோல்ஸ் பலகாரம் வந்துவிட்டது என்று எழும்பியது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவன் இரண்டாம் முறையும் பாடினான். ஒருவரும் தட்டவில்லை. நாற்காலி அப்படியே கிடந்தது.

இப்போதும் சனிக்கிழமைகளில் அவள் வருகிற பாட்டைப் பாடுகிறான். சனம் அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போகிறது; கோட்டு வைப்பதென்றாலும் அதில் வைப்பதில்லை, அது குணேஸ்வரியின் இடம். நானும் தட்டியதில்லை. ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் தேத்தண்ணி. அவள் போனதை நான் கண்ணால் கண்டேன், அது வேறு. தட்டினால் ஒரு மனுசி திரும்பி வருவாள் என்று நம்புவதற்கு நான் ஆள் இல்லை. போன சனிக்கிழமையும் பாட்டு முடியமுன் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்து மெட்ரோ ஏறினேன். டி-இபெர்வில் வந்தபோது மட்டும் தலையைத் தூக்கி நடைமேடையைப் பார்த்தேன்.

ஒருவரும் இல்லை. சொன்னேனே.