கராச்சியில் நின்ற கப்பல்

எஸ்டேட் ஆபீஸ் கடிதங்களைத் தபாலில் சேர்த்துவிட்டு, ஜூலியானா தானா ராத்தா மலையூரில் தாஜுதீன் டீக்கடைக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. மலாய் நுரைத் தேநீரான தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கடை டிவியில் இந்தியச் செய்தி சேனல் ஓடியது. மூன்று நாளாகப் போர்தான் செய்தி. "கராச்சி துறைமுகம் தரைமட்டம்" என்று தொண்டை கிழியக் கத்தினார் செய்தி வாசிப்பவர். திரை முழுக்கத் தீ.

பக்கத்து மேசையில் காய்கறி லாரி ஓட்டும் அர்ஜுனன் கைதட்டினார். "இத்தோட விடக்கூடாது லா. முழுசா முடிச்சிரணும்." நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

நேற்றுவரை ஜூலியானாவும் அவர்களில் ஒருத்திதான். சர்ச் வாட்ஸ்அப் குழுவில் ஏவுகணை வீடியோக்களைப் போட்டு, 'இன்னும் நாலு போடணும்' என்று எழுதியவள். இன்று காலைதான் தம்பி ரொனால்டிடமிருந்து செய்தி வந்தது. அவன் சரக்குக் கப்பலில் எஞ்சினியர். கொழும்புக்குப் போக வேண்டிய கப்பல் வழி மாறிக் கராச்சியில் நிற்கிறதாம்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"பாய், டிவிய நிறுத்துங்க. என் தம்பி அங்கதான் இருக்கான்."

தாஜுதீன் சட்டென்று டிவியை அணைத்தார். அர்ஜுனன் தட்டின கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"தண்ணி குடி, தங்கச்சி. விடாம போன் அடி," என்றார் தாஜுதீன்.

அரை மணி நேரம் கழித்து ரொனால்டே அழைத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னக்கா, இருபது தடவ கூப்பிட்டிருக்க? எஞ்சின் ரூம்ல இருந்தேன்."

"தீ எங்கடா? அடி பட்டுச்சா?"

"என்ன தீ? முன்னால கிரேன் கண்டெய்னர் தூக்கிட்டு இருக்கு. நான் ரொட்டி சாப்பிடுறேன்."

"துறைமுகமே போச்சுன்னு டிவில காட்டுறானே."

"இங்கயும்தான் காட்டுறான், மும்பை துறைமுகம் போச்சுன்னு. கரையில ஸ்வீட் குடுத்தாங்க, எனக்கும் ஒண்ணு. மும்பையில நம்ம கம்பெனி ஆளுக்குப் போன் பண்ணேன். அவரு நல்லாத்தான் இருக்காரு."

ஜூலியானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தத் தீ எந்த ஊருது?" என்று கேட்டார் அர்ஜுனன். அணைந்த டிவியைப் பார்த்தபடி, "நல்ல வேளை லா," என்றார் மெதுவாக.

அங்கேயே உட்கார்ந்து ஜூலியானா குழுவில் எழுதினாள்: 'நான் அனுப்பினது எது உண்மைன்னு எனக்கே தெரியாது. கராச்சியில என் தம்பி இருக்கான். சண்டை நிக்கணும்னு ஜெபம் பண்ணுங்க.' பலர் கும்பிடும் கை போட்டார்கள். இரண்டு பேர் மட்டும், நீ எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அவள் போனைப் பையில் போட்டாள்.

மறுநாள் சண்டை நின்றது. இவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாமா என்று அதே செய்தி வாசிப்பவர் பொருமிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, பையோடு ரொனால்ட் பஸ்ஸை விட்டு இறங்கினான். கொஞ்சம் கறுத்திருந்தான், அவ்வளவுதான். ஜூலியானா அவன் கையைப் பிடித்தவள் ரோட்டைத் தாண்டியும் விடவில்லை.

"அக்கா, வலிக்குது," என்றான்.

"வலிக்கட்டும்," என்றாள்.