உள்பக்கத் தாழ்ப்பாள்

1

இந்தக் கதை ஒரு விறகுக் கொட்டிலைப் பார்த்ததில் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏதோ ஒரு வீட்டின் பின்புறம், வீட்டுக்காரரே பழைய பலகைகளை வைத்துக் கட்டியது. பிளந்த விறகை வெட்டுமுகம் வெளியே தெரிய வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பார்க்கவே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஒரு தச்சர் தன் கையால் கொட்டில் கட்டுகிறார், குளிர்காலம் வருகிறது, வீடு கதகதவென்று இருக்கிறது, சுபம். இப்படித்தான் எழுத நினைத்தேன். யாரையும் பயமுறுத்தும் உத்தேசம் சத்தியமாக இல்லை. நானே விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்குகிற ஆசாமி.

முதல் தொடக்கம் இப்படி வந்தது: "தச்சர் காலையிலேயே இழைப்புளியை எடுத்துக்கொண்டு..."

நிறுத்திவிட்டேன். வேலைக்குப் போகிற மனிதரைப் பற்றி யார் மெனக்கெட்டுப் படிப்பார்கள்?

இரண்டாவது தொடக்கம்: "அந்த மரம் தச்சரின் அண்ணன்மேல் விழுந்தது."

இதை நான் யோசிக்கவில்லை, கை எழுதிவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் விறகு எங்கேயிருந்தாவது வந்தாக வேண்டுமே. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அங்கேதான் என் பிடி நழுவியது.

2

தச்சர் அலமாரிகள் செய்கிறவர். அவர் செய்த அலமாரியில் எறும்புகூட நுழையாது என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அண்ணனும் தம்பியும் ஒரே வீடு. கொல்லையில் நின்ற பெரிய மரம் கூரைமேல் சாய ஆரம்பித்ததும், "ரெண்டு பேருமா வெட்டிடலாம்டா, மத்தியானம் வந்துடு" என்று அண்ணன் சொல்லியிருந்தார். தச்சரும் தலையாட்டினார். ஆனால் அன்று யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக் கதவு மயிரிழை இடைவெளி விட்டது. அதைச் சரிசெய்யாமல் கிளம்ப மனம் வரவில்லை. வந்து சேர்ந்தபோது மரம் சாய்ந்துகிடந்தது. அண்ணனுக்குப் பொறுமை கிடையாது.

(மரத்தடியில் தச்சர் எதைப் பார்த்தார் என்ற பத்தியை எடுத்துவிட்டேன். படிக்க உங்களுக்கும் நன்றாக இருக்காது.)

அண்ணனிடம் ஒரு பழக்கம்.* விறகு எடுக்கும்போது இரண்டு கட்டைகளைக் காதோரம் பிடித்து ஒன்றோடொன்று தட்டுவார். ஈரக் கட்டை 'மொத்'தென்று சொல்லும். காய்ந்த கட்டை 'கணீர்' என்று சொல்லும். "கணீர்னு கேட்டா போதும்டா. 'நான் ரெடி, என்னை எரி'ன்னு அதுவே சொல்லுது" என்பார்.

* இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிடத்தான் பார்த்தேன்.

3

மரத்தைத் தச்சர் தனியாகவே அறுத்தார், தனியாகவே பிளந்தார். உதவிக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பிறகு சமையலறைச் சுவரை ஒட்டிக் கொட்டில் கட்ட உட்கார்ந்தார்.

விறகுக் கொட்டிலுக்குப் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. தரையில் படாமல் தூக்கிக் கட்ட வேண்டும், மேலே மழை படாமல் மூட வேண்டும், பக்கங்களில் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். தச்சர் முதல் இரண்டையும் செய்தார். மூன்றாவது வரவில்லை. அலமாரிக்காரர் அல்லவா! பலகையோடு பலகை கவ்விப் பிடிக்க, தாள் நுழைய இடமில்லாமல் இழைத்து இழைத்துப் பொருத்தினார். முகப்பில் கதவு வேறு. கட்டைகளை உள்ளே அடுக்கி அதையும் சாத்தினார்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். வந்து பார்த்தார்.

"என்னங்க இது, ஈரத் துணிய யாராவது பீரோவுல வெச்சுப் பூட்டுவாங்களா?"

"மழ உள்ள வரக் கூடாதுல்ல."

"காத்தும் வராதே. எப்படிக் காயும்?"

"மெதுவா காயட்டும். இப்ப என்ன அவசரம்?"

மனைவி கதவைத் திறந்து உள்பக்கத்தைத் தடவினார். பலகை வியர்த்திருந்தது. பச்சை மரம் ஈரத்தை விடும், அது இயல்புதான். ஆனால் கதவில் ஓர் ஆள் நின்றால் முகம் வரும் உயரத்தில் மட்டும் ஈரம், மூச்சுப் பட்டதுபோல், வட்டமாகப் படிந்திருந்தது. அதற்குக் கீழே, கைக்கெட்டும் இடத்தில், அவர் இன்னொன்றையும் பார்த்தார்.

"தாழ்ப்பாள ஏன் உள்பக்கம் போட்டிருக்கீங்க?"

தச்சர் எட்டிப் பார்த்தார். விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். "கை பழக்கத்துல போட்டிருக்கும்" என்றார்.

"கட்டைங்க உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்குமா?"

சிரிக்கத்தான் கேட்டார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

3 (மறுபடியும்)

மேலே உள்ள பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. தாழ்ப்பாளை வெளிப்பக்கத்துக்கு மாற்றித் திருத்தி எழுதினேன். காலையில் எடுத்துப் படித்தால் 'உள்பக்கம்' என்றே இருக்கிறது. மறுபடி மாற்றினேன். மறுபடி அதே கதை. தூக்கக் கலக்கத்தில் நானே மாற்றியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு தாழ்ப்பாளே இல்லாத கதவாக எழுதிப் பார்க்கலாம் என்று "கதவில் தாழ்ப்பாள் என்று எதுவும்..."

வேண்டாம். அது இருக்கட்டும். அதோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

4

குளிர் வந்துவிட்டது. குளிர்காயும் கணப்பு அடுப்பு விறகில்லாமல் சில்லென்று கிடந்தது. மனைவிக்கு இருமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வேறு விறகு வாங்கத் தச்சர் சம்மதிக்கவில்லை, "நம்மகிட்டதான் மரம் இருக்கே" என்றார். இருக்கிற மரத்தை எடுக்கச் சொன்னால், "இன்னும் காயல" என்றார்.

ஒரு மத்தியானம் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டு நேராகக் கேட்டார்.

"காயக் கூடாதுன்னுதானே அப்படிக் கட்டுனீங்க?"

தச்சர் ஜன்னல் வழியே கொட்டிலைப் பார்த்தார்.

"காஞ்சா எரிக்கணும். எரிச்சா உங்க அண்ணனும் போயிடுவாரு. அதானே?" இருமல் வந்து பேச்சை நிறுத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் குளிருதுங்க" என்றார்.

தச்சர் எழுந்து போனார். கதவை இழுத்தார், வரவில்லை. மரம் ஊதிப்போயிருக்கும் என்று தோளைக் கொடுத்து அசைத்தார். உள்ளே இரும்பு லேசாகக் கிணுகிணுத்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

நல்ல வெயில். வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி அவருக்குப் பின்னால் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு?" என்றார் தச்சர்.

உள்ளே அடங்காமல் வெளியே பனியில் நனைந்து கிடந்த கட்டைகளில் இரண்டை மனைவி குனிந்து எடுத்தார். ஏன் எடுத்தார் என்று என்னைக் கேட்காதீர்கள். காதோரம் வைத்துத் தட்டினார்.

மொத்.

இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள்.

உள்ளேயிருந்து வந்தது: கணீர்.

"என்னங்க," மனைவியின் குரல் இறங்கிவிட்டது, "அது காஞ்ச சத்தம்."

"உள்ள காய வழியே இல்லியே" என்றார் தச்சர்.

5

கொட்டிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தப் பகுதியில் எழுதுவதாக இருந்தேன். பல முறை உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் பகுதி திறக்கவில்லை.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. கதவு அடித்துச் சாத்தியதில் தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும், சத்தம் கட்டை சரிந்த சத்தம் என்று முடிக்கலாம். விவரமான வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள், தச்சர் ஒப்புக்கொள்ள மாட்டார். கைவாளை எடுத்துப் பலகையை அறுக்கச் சொல்லலாம். அவருக்குக் கை வரவில்லை. "அறுத்தா நாந்தான் அண்ணன..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். நானும் அதை முடித்துக்கொடுக்கவில்லை.

இப்போது அவர் கதவில் நெற்றியை வைத்திருக்கிறார்.

"அண்ணே, லேட்டாயிடுச்சு. இப்ப வந்துட்டேன். அவளுக்குக் குளிருதுண்ணே. தெறண்ணே."

உள்ளே மறுபடியும் கணீர். இந்தத் தடவை இன்னும் கிட்டத்தில்.

எழுதுகிறவன் வெளியே நிற்கிறவன். தச்சரும் அவர் மனைவியும் என் பக்கத்தில் நிற்கிறார்கள். அப்படியானால் உள்ளே இருப்பது யார் என்று வெகுநேரம் யோசித்தேன். முதல் வரியிலேயே உள்ளே வந்து, இத்தனை நேரமும் மூச்சுக் காட்டாமல், நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர்தான் இருக்கிறார்.

தாழ்ப்பாள் உங்கள் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. தச்சர் இன்னும் கதவிலிருந்து நெற்றியை எடுக்கவில்லை.