உங்க வூட்லயும் இதானே சார்?

ஒரகடம் கூட்ரோட்டில், வாலாஜாபாத் போகும் பக்கம் என் மருந்துக்கடை. இரண்டாயிரத்து நாலில் அந்த ரோட்டில் டீக்கடையைவிட ரியல் எஸ்டேட் ஆபீஸ்தான் அதிகம். மருந்துக்கடை என்னுடையது ஒன்றுதான். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பெயர் சுப்பராயன், டி.ஃபார்ம் படித்தவன். சர்டிஃபிகேட்டை யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் தூங்குகிற ஜாதி இல்லை நான். கடையில் நானே நிற்பேன், நானே பேசுவேன்.

பேச்சுதான் என் பலம். எல்லா மருந்தையும் எடுத்து வைத்து விலையைச் சொன்னதும், "இதுல எது சார் முக்கியம்? அத்த மட்டும் குடுங்க" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முக்கியமில்லாததை டாக்டர் எதற்கு எழுதுகிறார்? அவர்களிடம்தான் என் பேச்சை ஆரம்பிப்பேன். விலை கூடினது ஒன்று, மலிவானது ஒன்று, இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். "பெருசா போட்டிருக்கிறது கம்பெனி வெச்ச பேரு. கீழ பொடியா இருக்கு பாரு, அதான் உள்ள இருக்கிற மருந்து. ரெண்டுலயும் ஒண்ணா இல்லையா, நீயே எழுத்துக்கூட்டிப் படி" என்பேன். பத்துப் பேரில் ஆறு பேர் மாறிவிடுவார்கள். மலிவு மாத்திரையில்தான் கடைக்காரனுக்கு லாபம் அதிகம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் நான் பேசியது அதற்காக இல்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

ரத்னா ஒரு ஆனி மாதச் சாயங்காலம் கடைக்கு வந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண். கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டு கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து யூனிஃபார்ம் கோட்டோடு நேராக வந்திருந்தாள். புருஷன் நரசிம்மனுக்கு முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்து, நிலம் விற்ற பணம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய், ஆளை மட்டும் மீட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது.

அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். நானும் அட்டைகளை எடுத்து வைத்தேன். பாதிப் பேச்சிலேயே அவள் சிரித்துவிட்டாள்.

"இதுக்கு இவ்ளோ சொல்லணுமா சார்? எங்க லைன்லயும் இதே கதைதான். ஒரே ஒயரு. ஒரு கம்பெனிக்குப் போறதுக்கு ஒரு லேபிளு, இன்னொரு கம்பெனிக்கு இன்னொரு லேபிளு. ஒட்றதே நான்தான்."

என் வியாபார வாழ்க்கையில் இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டவர் யாருமில்லை. ஆனாலும் அவள் அட்டையைக் கையில் எடுக்கவில்லை. "எனக்குப் புரியுது சார். எங்க மாமியாருக்கு இன்னான்னு சொல்றது? புள்ளைக்கு மட்டமான மாத்திரை வாங்கியாந்துட்டான்னு ஊரையே கூட்டிடும்."

"என் பேரைச் சொல்லும்மா. தேவைப்பட்டா நானே வந்து சொல்றேன். என் வூட்லயும் ஹார்ட் பேஷண்ட்தான். உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்."

அது பொய்யில்லை. என் மனைவி செந்தாமரைக்கும் இருதயக் கோளாறுதான், அதே மூன்று மருந்துகள்தான். ரத்னா முகம் தெளிந்தது. மூன்றையும் மலிவிலேயே வாங்கிக்கொண்டு போனாள்.

எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் கொடுத்தாள். தையில் நரசிம்மனே கடைக்கு நடந்து வந்தான். ஒல்லியான, கேலிக்கார மனுஷன். "மலிவு விலையில கெடச்ச உசுரு சார், கியாரண்டி உண்டா?" என்று கேட்டான். "பில்லு போட்டாத்தான் கியாரண்டி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஏதோ ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னான்.

மாசியில் செத்துப்போனான். அந்த வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டானாம். இரண்டாவது அடைப்பு. எந்த விலை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரக்கூடியதுதான். இதை எழுதும்போது எனக்கு எளிதாக இருக்கிறது. அன்றைக்குச் சேதி கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. ரத்னாதான். நிலம் வாங்கி விற்கிற பக்கத்து வீட்டுக்காரரின் செல்போனைக் கேட்டு வாங்கிப் பேசினாள்.

"சார், நான்தான் சாகடிச்சேன்னு சொல்றாங்க. மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துப் போட்டு வர்றவங்களுக்குக் காட்டிக்கினு கீறாங்க. கருமாதி முடிஞ்சதும் புள்ளைங்களை உட்டுட்டு நீ கிளம்புன்றாங்க. எங்க சார் போவேன்? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். நீங்க படிச்சவரு."

"அழாதம்மா. நான் வரேன்" என்றேன். போனை வைத்தபோது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அறியாத ஜனங்கள், இன்று வைத்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். என் குணம் அப்படி.

நரசிம்மன் வீட்டுப் பந்தலில் நாற்பது பேர் இருப்பார்கள். நரசிம்மனின் அண்ணன் கோதண்டம் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அம்மா முனியம்மாள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் தரையில் இரண்டு அட்டைகள் கிடந்தன. ரத்னா உள்வாசலில் நின்றாள். அவளுடைய சின்னப் பெண் முந்தானையைப் பிடித்திருந்தது.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். பெயர் வேறு மருந்து ஒன்று என்று விளக்கினேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இப்படிப்பட்டதுதான் என்றேன். பந்தலில் இருந்த கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

கோதண்டம் மட்டும், "வெல கம்மின்னா உங்களுக்கு லாபம் ஜாஸ்தின்றாங்களே சார்?" என்றார்.

"ஆமா, ஜாஸ்திதான். அதுக்காக விஷத்தையா விப்பேன்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முனியம்மாள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக இல்லை. நம்புவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தாள். பெற்ற பிள்ளையை மருமகள் கொல்லவில்லை என்று நம்ப அவளுக்கும் ஆசை இருந்திருக்கும்.

ரத்னாவுக்கும் அது தெரிந்தது. வாசற்படியிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தாள். அழுது வீங்கின முகத்தில் ஒரு தைரியம்.

"அத்தே, சாரோட வூட்டம்மாவுக்கும் இதே வியாதிதான். அவங்களும் இதே மாத்திரைதான் சாப்பிடறாங்க. சொல்லுங்க சார். உங்க வூட்லயும் இதானே சார்?"

நான் அப்படிச் சொன்னதே இல்லை. அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை.

மூன்று வருஷமாகச் செந்தாமரைக்கு நான் எடுத்துப் போனது டாக்டர் எழுதின, விலை கூடின மாத்திரைதான். இரண்டும் ஒன்று என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் ஒரு தடவை மலிவு அட்டையைப் பையில் போட்டுவிட்டு, மறுபடி எடுத்து அலமாரியிலேயே வைத்துவிட்டேன். பயம். ஊருக்கெல்லாம் சொன்ன வாய் என்னுடையது. பெண்டாட்டி என்று வந்ததும் டாக்டர் சீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதெல்லாம் அந்தப் பந்தலில் என் தலைக்குள் ஓடியது. எவ்வளவு நேரம் ஓடியதோ தெரியாது. பிறகு "ஆமா" என்றேன்.

நல்ல கெட்டியான பொய். தாமதமாக வந்த பொய். அந்தத் தாமதத்தை நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள்.

"இன்னா சார், இதுக்குப் போய் யோசிக்கிறீங்க?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். முனியம்மாள் கண்ணை என்மேலிருந்து எடுத்துக்கொண்டாள். "போதும்பா. நீ கிளம்பு" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். ரத்னா முந்தானையிலிருந்த குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ச் செந்தாமரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாளையிலேர்ந்து எனக்கும் அதையே கொண்டாந்துடுங்க" என்றாள். கொண்டுபோனேன். இன்றுவரை அதைத்தான் சாப்பிடுகிறாள், நன்றாகவே இருக்கிறாள். யாருக்கு என்ன லாபம்?

பிள்ளைகளை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டு ரத்னாவை மட்டும் அனுப்பிவிட்டார்கள். வாலாஜாபாத்தில் தன் அண்ணன் வீட்டில் அம்மாவோடு இருக்கிறாள் என்று கம்பெனிப் பெண்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்து, பிள்ளைகளைத் தெருவில் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம்.

ஆறு மாதம் கழித்து அவளே கடைக்கு வந்தாள். அதே யூனிஃபார்ம் கோட்டு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும் என்று சீட்டை நீட்டினாள். என் கை பழக்கத்தில் மலிவு அட்டையை எடுத்து வைத்தது.

"அது வேணாம் சார். டாக்டர் எழுதனதையே குடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"தெரியும் சார்." குரலில் கோபமே இல்லை. "அம்மாவுக்கு நாளைக்கே எதுனா ஆயிடுச்சுன்னா, அண்ணி வாயில நான் விழக்கூடாது. இருக்கிறதுக்கு அந்த ஒரு வூடுதான் கீது."

"இப்ப என் வூட்லயும் இதையேதாம்மா குடுக்கிறேன்" என்றேன். சத்தியமான வார்த்தை. ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொன்னேன்.

"சரி சார்" என்று தலையாட்டினாள் ரத்னா, பிள்ளைகளின் பொய்யைக் கேட்டுக்கொள்கிற மாதிரி. "எனக்கு அந்தப் பெரிய வெல மாத்திரையையே குடுங்க."