கமீலாவின் ஏழாவது கேள்வி

நூர்தீன் இருபத்தெட்டு வருஷமாகக் கற்பிட்டிக்கும் கொழும்புக்கும் இடையில் பஸ் ஓட்டுகிறவர். எந்த வளைவில் பள்ளம், எந்தத் தரிப்பில் எந்த டீச்சர் இரண்டு நிமிஷம் பிந்தி ஓடி வருவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகளை எடுத்த பிறகு பயணம் ஒரு மணித்தியாலம் குறைந்துவிட்டதென்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்த ஒரு மணித்தியாலத்தை இப்போது அவருடைய சொந்தச் சிறுநீர்ப்பையே திருப்பி எடுத்துக்கொண்டது. பாலாவியில் ஒருதரம், சிலாபத்தில் ஒருதரம், நீர்கொழும்பில் ஒருதரம் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். பயணிகள் முணுமுணுத்தார்கள். கடைசியில் மனைவி கமீலாதான் அவரைப் பிடித்துக் கிளினிக்குக்கு அனுப்பினாள்.

இரத்தம் சோதித்தார்கள். ஊசியால் சதைத் துண்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவைக் கேட்க அவர் தனியாகத்தான் போனார். டொக்டர் சிங்களவர், அமைதியான மனிதர். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்தான், ஆனால் சிறிது, ஆரம்பம் என்றார். வெட்டி எடுக்கலாம், கதிர்வீச்சுப் பிடிக்கலாம், ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டும் இருக்கலாம். யோசித்து மூன்று கிழமையில் வந்து சொல்லச் சொன்னார். நூர்தீனிடம் இருந்தது பஸ்ஸில் சனத்தை உள்ளே தள்ளிவிடவும் சில்லறைச் சண்டையைத் தீர்க்கவும் போதுமான சிங்களம். உடம்பைப் பற்றி அந்தச் சிங்களத்தில் அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தமிழில் அச்சடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். தன் உடம்புக்கு என்ன செய்வதென்று தன்னையே கேட்ட முதல் டொக்டர் இவர்தான் என்பது வழியில்தான் உறைத்தது. பயமும் அப்போதுதான் வந்தது.

வீட்டில், மருந்து தருவார்களாம் என்று மட்டும் சொன்னார். சட்டையைத் துவைக்க எடுத்த கமீலா கையில் பிரசுரம் அகப்பட்டது. அவள் முற்றத்துக் கதிரையில் இருந்து, முதல் வரி தொடக்கம் கடைசி வரி வரை வாசித்தாள். பிறகு அவர் எதிரில் வந்து நின்றாள். தன்னிடம் மறைத்ததற்காகச் சத்தம் போடப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

“முன்னிற்கும் சுரப்பியாமே,” என்றாள் கமீலா. “இவ்வளவு காலம் உங்களோட குடும்பம் நடத்துறன். முன்னுக்கு நிக்கிற அப்படியொண்ட நான் காணல்லியே.”

நூர்தீனுக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணீர் வந்தது. அதில் கொஞ்சம் உண்மையான அழுகையும் கலந்திருந்தது.

செய்தி பரவியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. கமீலாவின் சகோதரர் நாளைக்கே வெட்டி எறியச் சொன்னார். பக்கத்து வீட்டார் ஒரு பை நிறைய அன்னமுன்னா இலை கொண்டுவந்து அவித்துக் குடிக்கச் சொன்னார்கள். வெளிநாட்டில் இருந்த மகள் நஸ்ஹா, கண்ணில் பட்டதையெல்லாம் தொலைபேசியில் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்று கத்தி என்றது, மற்றது கத்தி கூடாது என்றது. ஒரு கிழமையில் நூர்தீனுக்கு இருந்த கொஞ்ச நித்திரையும் போயிற்று.

கமீலா ஒரு கொப்பியை எடுத்து விரித்தாள். “எல்லாரும் பதில் சொல்றாங்க நஸ்ஹாட வாப்பா. உங்களுக்கு என்ன தெரியணும் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. சொல்லுங்க, எழுதுறன்.”

அவர் மெதுவாகச் சொன்னார். சும்மா விட்டால் அது எவ்வளவு வேகமாக வளரும்? வெட்டினால் பஸ் ஓட்ட எத்தனை மாதம் செல்லும்? கதிர் பிடிக்க ஏழு கிழமை தினமும் கொழும்புக்குப் போக வேண்டுமாமே, தினமும் போகிறவனுக்கு அதில் என்ன கஷ்டம்? சிறுநீர் கசியுமா? கசிந்தால் எவ்வளவு காலம்? கசிந்துகொண்டே இருந்தால், தொழுகைக்கு முன் கைகால் கழுவிச் செய்த வுழு நிற்குமா, தொழலாமா? ஆறு கேள்வியோடு அவர் நிறுத்தினார். கமீலா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஏழாவதாகத் தானே ஒன்றை எழுதி, கொப்பியை மூடி வைத்தாள்.

தொழுகைக் கேள்வி டொக்டருக்குரியது அல்ல என்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மௌலவியிடம் போனார். தன் பஸ்ஸில் வருகிற ஒருவருக்கு இப்படியொரு வருத்தம் என்று தொடங்கினார். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக வுழு செய்துகொண்டு தொழலாம், மார்க்கம் யாரையும் நெருக்குவதில்லை என்று மௌலவி விளக்கினார். பிறகு புன்னகையோடு, “அந்தப் பயணிக்கு நான் துஆ செய்றன் எண்டு சொல்லுங்க நூர்தீன் நானா. ஸலாமும் சொல்லுங்க,” என்றார். நூர்தீன் வெட்கத்தோடு அந்த ஸலாமுக்குத் தானே பதில் சொல்லிவிட்டு வந்தார்.

மற்றக் கேள்விகளுக்கு கமீலா கிளினிக்குக்கே தொலைபேசி எடுத்தாள். அங்கே தாதியாக இருந்த நிஷாந்தினி உடப்பு ஊர்த் தமிழ்ப் பிள்ளை. டொக்டரைக் காணும் நாளில் தான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதாக ஒப்புக்கொண்டாள். அதற்கு முன் கண்டக்குழியில் தோமஸ் என்பவரைச் சந்திக்கச் சொன்னாள். அவர் இதே நோய்க்கு வெட்டிச் சுகமானவர், கேட்க ஆசைப்படுகிறவர்களைத் தன்னிடம் அனுப்பும்படி அவரே சொல்லி வைத்திருக்கிறார் என்றாள்.

ஞாயிறு பின்னேரம் இருவரும் போனார்கள். பூசை முடிந்து வந்த தோமஸ் வெறும் மேலோடு, வள்ளத்து இஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது, அகன்ற தோள். அவருடைய மனைவி றோசமேரி கமீலாவைக் குசினிக்கு அழைத்துப் போனாள். நூர்தீன் எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இஞ்சினைப் பற்றிக் கேட்டார்.

தோமஸ் சிரித்தார். “இஞ்சின் கதை பிறகு. நீங்க வந்த கதையைக் கேளுங்க நானா. வெக்கப்படாதீங்க, நான் வெக்கத்தை ஆஸ்பத்திரியில வச்சிட்டுத்தான் வந்தனான்.”

அவர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. மூன்று மாதம் குழந்தைப் பிள்ளை மாதிரி பம்பஸ் கட்டியது, பேரனுக்கும் தனக்கும் றோசமேரி ஒரே கடையில் வாங்கியது, இப்போது தும்மினால் மட்டும் ஒரு சொட்டு, நான்காம் மாதம் கடலுக்குப் போனது எல்லாம் சொன்னார். மற்ற விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். அது முன்னைப் போல் இல்லை, மாத்திரை இருக்கிறது, சில நாள் சரிவரும், சில நாள் வராது. “ஆனா நானும் மனிசியும் இப்ப நிறையக் கதைக்கிறம். முப்பத்தஞ்சு வருசம் கதைக்காததையெல்லாம்.”

நூர்தீன் நெடுமூச்சு விட்டார். அப்படியென்றால் தானும் வெட்டுவதுதான் சரி என்றார். தோமஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். கூடினால் ஆபத்து என்று இரத்தத்தில் பார்க்கும் அந்த எண் உங்களுக்கு எத்தனை என்று கேட்டார். ஏழு. தனக்கு நாற்பத்திரண்டு என்றார் தோமஸ்.

“என்ட வள்ளத்துக்குள்ள தண்ணி வந்திட்டுது, நான் பாய்ஞ்சன். உங்கட வள்ளம் கரையில கிடக்குது. என்னைப் பார்த்துப் பாயாதீங்க. டொக்டரிட்டக் கேளுங்க.”

குறித்த நாளில் கமீலா கொப்பியோடு டொக்டர் முன் உட்கார்ந்தாள். அதைக் கண்டதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தாளில் படம் கீறினார். இது சிறுநீர்ப்பை, இது அந்தச் சுரப்பி, இந்த மூலையில் இந்தச் சின்னப் புள்ளிதான் நோய். நிஷாந்தினி ஒவ்வொன்றையும் வீட்டுத் தமிழில் சொன்னாள். பஸ்ஸை நிறுத்த வைப்பது புற்றுநோய் அல்ல, வயதோடு வரும் வீக்கம், அதற்கு மாத்திரை போதும் என்று கேட்டதும் நூர்தீனின் வாய் பிளந்தது. மூன்று கிழமையாக இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார். இந்த வகை மிக மெதுவாக வளர்வது, சில மாதங்களுக்கு ஒருதரம் இரத்தம் சோதித்து, தேவைப்பட்டால் மறுபடி சதைத் துண்டும் எடுத்துப் பார்க்கலாம், வளர்வதாகத் தெரிந்தால் அப்போது வெட்டவும் நேரம் இருக்கும் என்றார் டொக்டர். இப்படிக் கவனித்துக்கொண்டிருப்பது எல்லாருக்கும் பொருந்தாது, இவருக்குப் பொருந்தும். ஆனாலும் மூன்றில் எதைத் தெரிந்தெடுத்தாலும் தான் கூட நிற்பதாகச் சொன்னார்.

கமீலா கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். நூர்தீன் சுவரில் இருந்த கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

“நாங்க ரெண்டு பேரும்,” என்று கமீலா நிதானமாக வாசித்தாள், “இப்ப ஈக்கிற மாதிரியே புருசன் பொஞ்சாதியா ஈக்க ஏலுமா?”

நிஷாந்தினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிய வேண்டியிருப்பதும் ஒருவரும் கேட்காததும் இந்தக் கேள்விதான் என்றார். வெட்டினாலும் கதிர் பிடித்தாலும் அதில் பாதிப்பு வரலாம், கவனித்துக்கொண்டிருக்கும் வரை ஒரு குறையும் இல்லை.

“அப்ப பார்த்துக்கொண்டே ஈப்பம் டொக்டர்,” என்றார் நூர்தீன், கலண்டரை விட்டுத் திரும்பி. அதை அவர் சிங்களத்திலேயே சொன்னார். சரியாகவும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நல்ல செய்தியைச் சொல்லக் கண்டக்குழிக்குப் போனார்கள். தோமஸ் கேட்டு முடித்ததும், கடல் தாம்பாளம் மாதிரிக் கிடக்கிறது, வாருங்கள் என்று மூவரையும் தன் வள்ளத்தில் ஏற்றினார். பிறந்ததிலிருந்து கடற்காற்றைச் சுவாசித்த கமீலா ஒரு நாளும் கடல் வள்ளத்தில் ஏறியதில்லை. முதல் அலை தூக்கியபோது கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பிஸ்மி சொன்னாள். இரண்டாவது அலையில் றோசமேரியின் தோளைப் பிடித்தாள். மூன்றாவது அலை முகத்தில் அடித்தபோது, நனைந்த முக்காட்டோடு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் தூரம் போகச் சொன்னாள். தோமஸ் இஞ்சினை முடுக்கினார். ஓட்டுகிறவர் தானல்லாத ஒரு பயணத்தில், நூர்தீன் இரண்டு கையையும் விரித்துக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, மனைவியைப் பார்த்தபடி இருந்தார்.