தலைவர் வீசிய தீனி

மீசைக்கெண்டையைப் பற்றித் தலைவர் பேச ஆரம்பித்தால் மீனுக்கே கொட்டாவி வரும்.

"அதுக்கு வாய் எங்க இருக்கு? கீழ. மீசை எங்க தடவுது? கீழ. அப்ப தீனி எங்க போகணும்?"

"கீழ, தலைவரே" என்று தூண்டில் சங்கத்தார் ஒரே குரலில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றங்கரையில் இந்தக் கேள்வி பதில் முடியாமல் யாரும் தூண்டிலைத் தொடக் கூடாது. விஷயம் என்னவோ உண்மைதான். மீசைக்கெண்டை ஆற்றின் தரையை மோப்பம் பிடித்துக்கொண்டே போகிற மீன். மேலே மிதப்பதை ஏறெடுத்துப் பார்க்காது. தூண்டிலைச் சுற்றித் தரையில் தீனி கிடந்தால்தான் நிற்கும், மேயும், மாட்டும். ஒரு பிடி சோளத்தைத் தண்ணீருக்கு அடியில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் தலைவர் ஒரு சாத்திரமாக்கி வைத்திருந்தார்.

தலைவர் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் மேசையைச் சந்தேகத்தோடு பார்த்தே சம்பளம் வாங்கியவர். ஒரு நாள் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சந்தேகமும் கூடவே வண்டியேறி வந்துவிட்டது.

தீனியை அவரே தயாரிப்பார். சனிக்கிழமை மாலை சமையலறையைக் காலி செய்துகொடுத்துவிட வேண்டும். மக்காச்சோளத்தை பீட்ரூட் சாற்றில் வேகவைத்து, கடலைப் புண்ணாக்கும் தவிடும் சேர்த்து, பொடித்த சோம்பைத் தூவி, கதவைச் சாத்திக்கொண்டு பிசைவார். சோளம் ரத்தச் சிவப்பாக இருக்கும். உலகத்தில் வேறு எவனுக்கும் இந்தப் பக்குவம் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. வேறு எவனுக்கும் இது தேவைப்படவில்லை என்பது அவர் மனைவியின் கருத்து.

"கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எனக்கு ஒரு வாய் டீ போட்டுக் குடுத்ததில்ல. மீனுக்கு வடிச்சுக் கொட்டுறாரு" என்பாள்.

ஆற்றில் பாலத்துக்குக் கீழே முதல் இடம் தலைவருடையது. தண்ணீர் இரண்டு தூண்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பாய்ந்து வருகிற இடம். பாலத்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கலாம் என்பதுதான் அந்த இடத்தின் சிறப்பு. நெஞ்சை நிமிர்த்தி நின்று, கூட்டத்துக்குக் கையசைக்கிற மாதிரி கையை வீசித் தீனியை நேர் எதிரே போடுவார். பிறகு உட்கார்ந்து காத்திருப்பார். மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்.

அவருக்கு அடுத்து, ஆறு வளைந்து ஆழமாகித் தண்ணீர் சோம்பல் முறிக்கிற இடத்தில் அவருடைய சம்பந்தி உட்காருவார். டயர் கடைக்காரர். தீனி கீனி எதுவும் கொண்டுவர மாட்டார். ஒரு மடக்கு நாற்காலி, ஒரு டப்பா மண்புழு, ஒரு தூக்கம். குறட்டைக்கு நடுவில் எழுந்து ஒரு மீசைக்கெண்டையை இழுத்துப் போடுவார், கொக்கியைக் கழற்றி ஆற்றிலேயே விடுவார், மறுபடி குறட்டை. சங்கத்தில் அதிக மீன் அவருக்குத்தான். அதற்கடுத்த இடம் சங்கச் செயலாளருக்கு. தையல்கடை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து ஒரு மீசைக்கெண்டையும் பிடிக்காதவர்; அதனாலேயே எல்லோருக்கும் வேண்டியவர்.

அன்றைக்குச் சம்பந்தி பிடித்த மீனை வாழ்த்துகிற சாக்கில் அளந்து பார்க்கப் போனார் தலைவர். ஈரச் சாக்கின் மேல் கிடந்த மீன் வாயைத் திறந்து எதையோ கக்கியது.

சிவப்புச் சோளம். சோம்பு வாசனையோடு.

தலைவர் குனிந்து ஒரு சோளத்தை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். சம்பந்தியின் மகள்தான் அவர் வீட்டு மருமகள். கணக்கு நேராகிவிட்டது.

மறுநாள் தீனி டப்பாவுக்குப் பூட்டு வந்தது. சாவி தலைவரின் சட்டைப் பொத்தான் போல எப்போதும் உடம்போடு இருந்தது. சங்கக் கூட்டத்தில், "வீட்டுக்குள்ளயே ஓட்டை இருந்தா வெளிய என்ன பண்ணி என்ன?" என்று பெருமூச்சு விட்டார். செயலாளர் உருகிப்போய், நல்ல கொத்தனார் ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்.

மருமகள் கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிற வேலை செய்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைப் பார்ப்பவளுக்கு மாமனாரின் கண் தன்னை எப்படிப் பார்க்கிறது என்று தெரியாமல் போகுமா? அவள் கைப்பையோடு வெளியே கிளம்பினால் அவர் பையைத்தான் பார்த்தார். ஒரு நாள் மோந்தும் பார்த்தார். மாமியார்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"உங்கப்பனுக்கு நீ தீனி கடத்துறியாம்மா. பீட்ரூட் கடத்தல்!"

மாமியார் சிரித்தாள். மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷனிடம் போனாள்.

"அப்பா அப்படித்தான். விட்டுத்தள்ளு" என்றான் அவன்.

"விடுறதுக்கு இது என்ன மீனா? என்னைத் திருடிங்கிறாரு. இது தீரலன்னா தனி வீடு பார்த்துக்கலாம். கடைக்குப் பக்கத்துல ஒண்ணு காலியா இருக்கு. வர்ற திங்கள விட்டு அதுக்கடுத்த திங்கக்கிழமை வந்து பாக்குறோம்னு சொல்லிட்டேன்."

அவனுக்கு முகம் வெளுத்தது. அது வீட்டை நினைத்தா, வேறு எதையாவது நினைத்தா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. டயர் கடை மாமனாரின் தயவு தேடி இவனே தீனியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறானோ? சந்தேகம் ஜலதோஷம் மாதிரி. ஒருவருக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு சுற்று வரும்.

அன்று மாலையே டயர் கடைக்குப் போனாள். அப்பா ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்களுக்குச் சோளம் யார் குடுக்கிறா?"

"யாரும் குடுக்கல."

"அப்ப மீன் வாயில எப்படி வந்துச்சு?"

"மீன் எங்க சாப்பிட்டுட்டு வருதுன்னு நான் கேக்கிறதில்லம்மா. வீட்டுக்கு வர்ற விருந்தாளிகிட்டக்கூட கேக்கிறதில்ல."

"எனக்கு அங்க திருட்டுப் பட்டம்ப்பா."

அவர் கை நின்றது. மறுபடி டியூபை அமுக்கினார். இவருக்கு எதுவோ தெரியும் என்று அவளுக்குப் பட்டது. வலிய வருகிற மீனை ஆராய்ந்து கெடுத்துக்கொள்ள மனமில்லை என்றும் பட்டது. பெற்ற அப்பாவையே அப்படி நினைக்க வேண்டியிருந்ததில் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

அந்த வாரக் கடைசியில் அவள் வீட்டிலேயே இல்லை. வெள்ளிக்கிழமையே தோழி வீட்டுக்குப் போய்விட்டாள், போவதை மாமனாருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு. புருஷனையும் கூடவே இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியின் மீன் மறுபடியும் சிவப்புச் சோளம் கக்கியது. ஆக மருமகள் இல்லை, மகனும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். தலைவர் தணிக்கைக்காரர். வீட்டில் மிச்சம் இருந்தது யார் என்று பார்த்தார்.

"ஏன்டி, நீயா?"

"ஆமாங்க" என்றாள் மனைவி. "இந்த வயசுல சம்பந்தி மேல ஆசை வந்துருச்சு. பூ குடுத்தா ஊர் பேசும்னு புண்ணாக்கு குடுத்தனுப்புறேன்."

இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரிந்தது, தலைவருக்காக எரியவில்லை. பட்டினியில் அவர் புத்தி மறுபடி மருமகளிடமே வந்து நின்றது. முன்கூட்டியே கொடுத்து வைத்திருப்பாள். பதுக்கல்!

கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மருமகளுக்கு ஒன்று தோன்றியது. எது கெடுக்கிறது என்று தெரியாவிட்டால் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மற்றதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆளைத்தான் எல்லோரும் மாற்றிப் பார்த்தார்கள். இடத்தை மாற்றவில்லை.

சனிக்கிழமை மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நாளைக்கு ஒரு நாள் நீங்க எங்கப்பா இடத்துல உக்காருங்க. அவர் உங்க இடத்துல உக்காரட்டும். நான் குடுத்து வச்ச தீனி அவர்கிட்ட இருந்தா அங்கயும் மீன் வரணும் இல்ல?"

தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதில் என்ன சூது? ஆனால் சம்பந்தியின் இடத்தை அருகிலிருந்து சோதிக்கிற வாய்ப்பை எந்தத் தணிக்கைக்காரன் விடுவான்?

"திடீர் சோதனையா?" என்றார்.

"அப்படியே வச்சுக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கரைக்கு வந்தது. தலைவர் முதலில் சம்பந்தியின் நாற்காலியைத் தூக்கிப் பார்த்தார். புல்லைக் கிளறினார். மண்புழு டப்பாவைத் திறந்து முகர்ந்தார். அதற்கு மேல் முகர முடியாமல் மூடினார். பாலத்தடியில் சம்பந்தி அந்நியர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தார். தூக்கம்கூட வரவில்லை.

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். கையை வீசினார். சிவப்புச் சோளம் வளைவுத் தண்ணீரில் விழுந்தது.

சற்று நேரத்தில் அவருக்கே ஒரு மீன் மாட்டியது! சுமாரான மீன்தான். அவர் அதைத் தூக்கிப் பிடித்த விதத்தில் திமிங்கிலம் தோற்றுவிடும். "பாத்தியா? இடம் இல்ல, ஆளு! ஆளு!" என்று மருமகளைப் பார்த்துக் கத்தினார். அவள் நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய வீட்டின் ஜன்னல் எந்தத் திசையில் இருந்தது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த ஒரு மீனோடு சரி. தலைவர் வீசிக்கொண்டே இருந்தார், மீன் வரவில்லை. மேலே பாலத்தடியில் சம்பந்திக்கும் ஒன்றும் இல்லை. வெயில் ஏறியது. மாமியார் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "சோதனை முடிஞ்சுதா, இல்ல சோதனையே நம்மளுக்குத்தானா?" என்றாள்.

அப்போது கீழேயிருந்து ஓர் அலறல் கேட்டது. யாரோ ஆற்றில் விழுந்துவிட்டார்கள் என்று எல்லோரும் ஓடினார்கள். செயலாளர் விழவில்லை. நின்றபடி அழுதுகொண்டிருந்தார். காலடியில் அவர் வாழ்வின் முதல் மீசைக்கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. ஆட்கள் கைதட்டுவதற்குள் அவருடைய தூண்டில் மறுபடி வளைந்தது. அப்புறம் இன்னொன்று.

மூன்று மீனும் சாக்கின் மேல் வரிசையாக வாயைத் திறந்து சிவப்புச் சோளத்தைக் கக்கின.

மருமகள் தன் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"செக்ரட்டரிக்கும் நான்தான் பொண்ணா மாமா?"

தலைவர் ஆற்றைப் பார்த்தார். தான் வீசிய இடத்தைப் பார்த்தார். ஒரு காய்ந்த இலை அங்கிருந்து கிளம்பி, யாருக்கும் பதில் சொல்லாமல், செயலாளரின் இடத்துக்கு வந்து சேர்ந்தது. தீனி விழுந்த இடத்திலேயே கீழே இறங்கும் என்று அவருக்கு யார் சொன்னது? அவரேதான். தரையைத் தொடுவதற்குள் தண்ணீர் அதை அடுத்தவன் வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு சம்பந்திக்குச் சமைத்துப் போட்டிருக்கிறார்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "தண்ணி இழுத்துட்டு வருதோன்னு எனக்கு ஒரு இது இருந்துச்சு..."

"உங்ககிட்ட அப்புறம் வர்றேன்ப்பா" என்றாள் மகள். அவர் சட்டென்று சின்னவராகிவிட்டார்.

"நான் ஒரு பரிசோதனையாத்தான்..." என்று தலைவர் தொடங்கினார்.

"மாமா. எங்கப்பா இங்கதான் இருக்காரு. அத்தை இருக்காங்க. உங்க பையனும் இருக்காரு. சுருக்கமா சொல்லுங்க."

தலைவர் மனைவியைப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்தாள். மகனைப் பார்த்தார். அவன் செயலாளரின் மீனில் ஆழ்ந்திருந்தான். மேடையும் மாலையும் இல்லாமல் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என் மருமக எடுக்கல" என்றார்.

அவ்வளவுதான் என்று நினைத்து உட்காரப் போனார். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவியாகக் கேட்டார்:

"எதை, தலைவரே?"

சங்கத்தார் இன்னும் நெருங்கி வந்து நின்றார்கள். மருமகள் அப்பாவின் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மாமா. முதல்ல இருந்து."